ஏழாவது ஆள்

பதினொன்றாம் வகுப்பில் எந்தப் பிரிவு என்று கேட்டபோது பொருளாதாரம் என்றேன். கேட்டவர்கள் நான் காரணம் சொல்வேன் என்று சற்றுக் காத்திருந்தார்கள். சொல்லும்படியான காரணம் என்னிடம் இல்லை. பள்ளி நூலகத்தில் அந்தப் புத்தகத்தைப் புரட்டியிருந்தேன். அதில் வருகிறவர்கள் யாருக்கும் பெயர் கிடையாது. ஒரு நுகர்வோர், ஓர் உற்பத்தியாளர், ஓர் உழைப்பாளர். அவர்கள் சத்தம் போடுவதில்லை. இரண்டாவது பழத்தைச் சாப்பிடுவதற்கு முன்னால் அது வேண்டுமா என்று யோசிக்கிறார்கள். ஒரு வார்த்தை பேசுவதற்கு முன்னால் பத்து முறை யோசிக்கிற எனக்கு அவர்களைப் பிடித்துப்போயிற்று.

சித்திக்கு மட்டும் அந்தப் புத்தகம் ஒரு வேடிக்கை. ஒவ்வொரு விதியும் 'மற்றவை மாறாதிருக்கும்போது' என்றுதான் ஆரம்பிக்கும். நான் மனப்பாடம் செய்யும்போது காதில் விழுந்து, அது அவள் வாயில் ஒட்டிக்கொண்டது.

"மற்றவை மாறாதிருக்கும்போது பாத்திரம் தேய்க்கறது நீதான்" என்பாள்.

"மத்ததெல்லாம் மாறாம இருக்கும்னு யாருடி இவங்களுக்குச் சொன்னது? ஒரு நாள் நம்ம வீட்டுல வந்து இருந்து பாக்கச் சொல்லு."

வீட்டில் நாங்கள் மூன்று பேர். அம்மா, அம்மாவின் தங்கையான சித்தி, நான். அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டன. சுவரைப் பிடித்துக்கொண்டு சமையலறை வரை வருவாள், அவ்வளவுதான். சித்தி ஆறு வருஷமாக ஒரு சலவைக்கூடத்தில் வேலை பார்த்தாள். அவள் வேலைதான் எங்கள் மூன்று பேரின் வேலை.

பன்னிரண்டாம் வகுப்பில் ஒவ்வொருவரும் ஒரு செயல்திட்டம் கொடுக்க வேண்டும். உண்மையான ஓர் இடத்துக்குப் போய், பாடத்தில் உள்ள ஒரு விதியைச் சோதித்து எழுத வேண்டும். எனக்குக் குறைந்து செல் விளைவு விதி வந்தது. இயந்திரமும் இடமும் அப்படியே இருக்க, ஆட்களை மட்டும் ஒவ்வொருவராகக் கூட்டிக்கொண்டே போனால், ஒரு கட்டத்துக்குப் பிறகு புதிதாக வருகிற ஆளால் கூடுகிற உற்பத்தி குறைந்துகொண்டே வரும். விதி அவ்வளவுதான். வகுப்பில் மற்றவர்கள் தெரிந்தவர் கடை, மாமா வீட்டுத் தோட்டம் என்று கற்பனையில் எழுதினார்கள். எனக்குக் கற்பனை வராது. சித்தியிடம் கேட்டேன்.

"வா, வந்து எண்ணிக்கோ. எங்க மொதலாளிக்கும் பெருமையா இருக்கும். பள்ளிக்கூடத்துல இருந்து லெட்டர் வந்தா கண்ணாடி போட்டு மாட்டிருவாரு."

சலவைக்கூடம் நீளமான ஒரு தகரக் கொட்டகை. விடுதிகளிலிருந்தும் ஒரு மருத்துவமனையிலிருந்தும் படுக்கை விரிப்புகள் வரும். ஒரு முனையில் துவைக்கிற இயந்திரங்கள். மறுமுனையில் ரோலர். ஆள் படுத்துக்கொள்ளும் நீளத்துக்கு ஒரு சூடான உருளை அது. இந்தப் பக்கம் ஈர விரிப்பைக் கொடுத்தால் அந்தப் பக்கம் மொடமொடவென்று வெளியே வரும். ரோலரைச் சுற்றி ஏழு பேர். ஈரத் துணியைச் சுமந்து வர ஒருவர், சுருக்கம் எடுத்து உள்ளே கொடுக்க இருவர், வெளியே வருவதைப் பிடித்து மடிக்க இருவர், அடுக்கிக் கட்ட ஒருவர், ரோலரின் சூட்டையும் வேகத்தையும் பார்த்துக்கொள்ள ஒருவர். அவரை எல்லோரும் ரோலரண்ணன் என்பார்கள். மடிக்கிற இருவரில் ஒருத்தி சித்தி. இன்னொருவர் அங்கே எல்லோருக்கும் மூத்தவர், பெரியக்கா.

முதலாளி என் கடிதத்தை இரண்டு முறை படித்தார். 'தங்கள் நிறுவனத்தில்' என்று இருந்த இடத்தில் விரலை வைத்து நிறுத்தினார். "நிறுவனம்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். நான்கு நாள் மதியம் வரலாம், ஒரு தடவைக்கு இருபது நிமிஷம், அதற்கு மேல் வேலை கெடக் கூடாது என்றார்.

ஏழு பேரும் வேலை செய்யும்போது இருபது நிமிஷத்தில் எத்தனை விரிப்பு, ஆறு பேர் செய்தால் எத்தனை, ஐந்து பேர் செய்தால் எத்தனை, இப்படி ஒன்று வரைக்கும் எண்ண வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருவர் விலகி உட்கார வேண்டும். ஏழு பேரோடும் ஒரு சுற்று எண்ணி முடித்துவிட்டு, முதலில் விலகுவது யார் என்று கேட்டேன். ஒருவரும் அசையவில்லை. முதலாளியின் கண்ணாடி அறை எதிரிலேயே இருந்தது. அவர் பார்க்கும்போது சும்மா உட்காருவது யாருக்கும் பழக்கமில்லை.

"நான் உக்காந்துக்கறேன்" என்றாள் சித்தி. "எங்க பொண்ணு படிப்புக்கு நான்தானே உக்காரணும்."

"ஆறு வருஷத்துல இப்பத்தான் உக்கார்றா, பாத்துக்கோங்க" என்றார் ரோலரண்ணன்.

"நீங்க மட்டும் என்னவாம்? ரோலர் சுத்துது, நீங்க நின்னுக்கிட்டே தூங்கறீங்க."

அழுக்குத் துணி மூட்டை ஒன்றின் மேல் சித்தி ராணி மாதிரி உட்கார்ந்து கால் மேல் கால் போட்டுக்கொண்டாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் கடிகாரத்தைப் பார்த்து எண்ண ஆரம்பித்தேன். பெரியக்கா ஒரு மூலையைத் தாடையில் இடுக்கிக்கொண்டு தனியாக மடித்தார். அடுக்குகிறவர் அடுக்கிவிட்டு ஓடிவந்து அவருக்கு ஒரு கை கொடுத்தார். நான் எண்ணிக்கையில் இருந்தேன். எண்ணிக்கையில் இருக்கும்போது எனக்கு வேறு எதுவும் தெரியாது.

ஏழு பேர் இருந்தபோது ஐம்பத்தொன்று. ஆறு பேர், ஐம்பது. ஐந்து பேர், நாற்பத்தாறு. நான்கு பேர், முப்பத்தொன்பது. அதன் பிறகு முப்பது, பத்தொன்பது. கடைசி நாள் ரோலரண்ணன் ஒற்றை ஆளாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடி ஆறு விரிப்பு எடுத்தார். ஆறு பேரும் உட்கார்ந்து கைதட்டினார்கள்.

வீட்டுக்கு வந்து வரைபடம் போட்டேன். புத்தகத்தில் இருந்த கோடு அப்படியே என் தாளில் வந்தது. முதலில் ஏறி, பிறகு மெல்ல வளைந்து, கடைசியில் தரையைத் தொடுகிற மாதிரி ஒரு கோடு. யாரோ எப்போதோ எழுதி வைத்த விதி, எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி, சித்தி நிற்கிற இடத்தில் உண்மையாக இருந்தது. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் குறைந்துவிடும் என்று நினைத்தேன்.

ஆசிரியை தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "செய்முறையை இன்னும் விவரமா எழுது. எந்தச் சுற்றுல யார் விலகினாங்கன்னு ஒரு அட்டவணை போடு. அப்பத்தான் உண்மையா செஞ்சதுன்னு தெரியும். கடைசிப் பக்கத்துல நிறுவனத்தோட கையெழுத்தும் முத்திரையும் வேணும்" என்றார்.

அட்டவணை போட்டேன். ஏழாவது ஆள் என்ற கட்டத்துக்கு எதிரே 'மடிப்பவர் (என் சித்தி)' என்று எழுதினேன். இறுதிநிலை உற்பத்தி, அதாவது அந்த ஆளால் கூடியது, ஒன்று. அடைப்புக்குறிக்குள் சித்தி என்று போட்டது எனக்குப் பிடித்திருந்தது. புத்தகத்துக்குள் எங்கள் வீட்டு ஆள் ஒருத்தி போய் உட்கார்ந்த மாதிரி.

முதலாளி கையெழுத்துப் போட மூன்று நாள் எடுத்துக்கொண்டார். நான் வாங்கப் போனபோது ஒரு நகல் எடுத்து வைத்திருந்தார்.

"இதெல்லாம் நீயே யோசிச்சு எழுதினதாம்மா?"

"புத்தகத்துல இருக்கறதுதான் சார்."

"புத்தகத்துல என் கொட்டகை இருக்கா?" என்று சிரித்தார். "நல்லா எழுதியிருக்கே. இத்தனை வருஷம் தொழில் பண்றேன், இதை ஒருத்தன் எனக்கு எண்ணிச் சொன்னதில்லை."

எனக்கு டீ வரவழைத்துக் கொடுத்தார்.

அந்த வாரக் கடைசியில் சித்தி சீக்கிரம் வந்துவிட்டாள். வேலையின்போது போடுகிற செருப்பு, துண்டு, டிபன் பாக்ஸ், அங்கேயே வைத்திருக்கிற சின்னக் கண்ணாடி எல்லாம் கையிலிருந்த ஒரு பையில் இருந்தன. பையைப் பார்த்ததுமே அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது.

"என்னடி?"

"ஒண்ணாந் தேதியில இருந்து வேண்டாம்னுட்டாரு. மீதி இருக்கற நாலு நாளும் வர வேண்டாம், சம்பளம் குடுத்துடறேன்னாரு. நல்லபடியாத்தான் பேசினாரு."

"ஆறு வருஷம். ஒரு காரணம் சொல்லலையா?"

சித்தி என்னைப் பார்க்காமல் பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். கண்ணாடியை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தாள்.

"ஆள் ஜாஸ்தியாம்" என்றாள்.

"அவர் வேற ஏதாவது சொன்னாரா சித்தி?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லை. நீ படி."

"சொல்லு சித்தி."

அவள் கண்ணாடியைத் துண்டில் சுற்றி வைத்தாள். எங்கள் வீட்டில் மௌனம் புதிதில்லை. என்னால்தான் பாதி நாள் அது வரும். ஆனால் அன்றைக்கு அது என் கையில் இல்லை. கடைசியில் அவளே, "தாளைக் காட்டினாரு. எனக்கு என்ன படிக்கத் தெரியும்? என் பேர் இல்லாமலேயே நான் இருக்கற இடத்தைக் காட்டினாரு. கோடு அழகாத்தான் போட்டிருக்கே" என்றாள்.

அம்மா என் பக்கம் திரும்பினாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பரவாயில்லை.

மறுநாள் ஆசிரியையிடம் போய்ச் சொன்னேன். வகுப்பு முடிந்து பிள்ளைகள் போன பிறகு, கரும்பலகையைத் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். பாதியில் துடைப்பதை நிறுத்தினார்.

"ஏழாவது ஆள்னா அந்த ஆள்னு அர்த்தமே இல்லையேம்மா. ஏழு பேர்ல யாரை விலக்கினாலும் அதே கணக்குதான். அவங்க சரியா வேலை செய்யலைன்னு அது சொல்லவே இல்லை. ஒரே ரோலர்தான் இருக்குன்னு சொல்லுது. பாடம் நடத்தறப்ப சொன்னேனே."

"சொன்னீங்க மிஸ்."

"அதை அவர்கிட்ட எடுத்துச் சொல்லு."

"நீங்க வந்து சொல்றீங்களா மிஸ்?"

அவர் துடைப்பானை வைத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டார். சுண்ணாம்புத் தூள் வெளிச்சத்தில் மெதுவாக இறங்கியது. "நான் எந்த முறையில வர்றது?" என்றார். மேஜை மேலிருந்த நோட்டுகளை அடுக்கிக்கொண்டே, "உன் செயல்திட்டத்துக்கு முழு மதிப்பெண் போட்டு அனுப்பிட்டேன்" என்றார். அதை ஏன் சொன்னோம் என்று அவருக்கே தெரியாதவர் போல இருந்தார்.

நான் தனியாகத்தான் போனேன். கொட்டகை வாசலில் ரோலரண்ணன் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் துண்டால் முகத்தை மூடித் துடைத்தார். துடைத்து முடிக்க அவசியத்துக்கு மேல் நேரம் எடுத்துக்கொண்டார்.

"உள்ள போறியாம்மா?"

"ஆமாண்ணா."

"போறதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டுக்கோ. உன் சித்தி உக்காந்தாளே, அந்த இருபது நிமிஷம் நாங்க ஓடினோம்."

எனக்குப் புரியவில்லை.

"தினமும் அப்படியா வேலை பாக்கறோம்? பெரியக்கா தாடையில இடுக்கி மடிக்கறதை எப்பவாவது பாத்திருக்கியா? ஒரு ஆள் கொறைஞ்சதும் துணி கொறைஞ்சா உனக்கு மார்க்கு கொறைச்சிடுவாங்களோன்னு பயந்தோம். நீ வேற பேனாவை வச்சுக்கிட்டு அப்படி மூஞ்சியை வச்சிருந்தே. சரி, நம்ம பொண்ணு பாஸாகட்டும்னு எல்லாரும் கண்ணைக் காட்டிக்கிட்டு ஓடினோம். ரெண்டாவது ஆள் உக்காந்தப்பவும் ஓடினோம். மூணாவதுக்கு மேல முடியலை."

அவர் சிரிக்கப் பார்த்தார்.

"கொறைஞ்சாத்தான் உனக்கு மார்க்குன்னு எங்களுக்கு என்னம்மா தெரியும்?"

நான் அங்கேயே நின்றேன். என் கோடு எதனால் அப்படி வளைந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. நான்கு நாள் அவர்கள் நடுவிலேயே நின்று எண்ணியிருக்கிறேன். வியர்வையைப் பார்த்திருக்கிறேன். சூடு என்று நினைத்தேன்.

"இதை அவர்கிட்ட சொல்லலாமாண்ணா?"

"சொல்லு. அவ திரும்பி வரட்டும். அவ இல்லாம இங்க வாயடிக்க ஆளில்லை."

முதலாளி உட்காரச் சொன்னார். நான் நின்றுகொண்டே முதலில் ஆசிரியை சொன்னதைச் சொன்னேன். ஏழாவது ஆள் என்பது ஒரு இடம், ஒரு ஆள் இல்லை. யார் முதலில் விலகியிருந்தாலும் அவர்தான் ஏழாவது. சித்தி எனக்காக முதலில் விலகிக்கொண்டாள், அவ்வளவுதான். வீட்டில் பல தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததால் தடுமாறாமல் சொல்லிவிட்டேன். என் வாழ்க்கையில் ஒரே மூச்சில் அவ்வளவு நான் பேசியதில்லை.

அவர் கவனமாகக் கேட்டார். நகலை எடுத்து மேஜை மேல் விரித்தார்.

"நீ சொல்றது புரியுது. யாரா வேணாலும் இருக்கலாம். சரியா?"

"ஆமா சார்."

"ஆனா யாரோ ஒருத்தர் இருக்காங்க. அதுவும் நீதான் எழுதியிருக்கே. அப்போ உன் சித்தி வேண்டாம்னா, வேற யாரு? நீயே சொல்லு. நான் கேக்கறேன்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆறு பேரும் வேலை செய்துகொண்டிருந்தார்கள். பெரியக்கா தாடையில் மூலையை இடுக்கியிருந்தார். ஈரத் துணி சுமக்கிறவர் குனிந்து நிமிர்ந்தார். ரோலரண்ணன் ரோலரைப் பார்க்காமல் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதலாளி என்னைக் கேலி செய்யவில்லை. உண்மையாகவே காத்திருந்தார். அவர் காத்திருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. சித்தியை மீட்கும் வழி என் வாயிலேயே இருந்தது. ஒரு பெயர், அவ்வளவுதான்.

"அவங்க ஓடினாங்க சார்" என்றேன்.

"என்ன?"

"சித்தி உக்காந்தப்ப மத்தவங்க வேகமா வேலை பாத்தாங்க. எனக்கு மார்க்கு கொறையக் கூடாதுன்னு. அந்த ஐம்பது நிஜமான கணக்கு இல்லை சார். தப்பா எண்ணிட்டேன்."

அவர் நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். தாளைப் பார்த்தார். கண்ணாடிக்கு வெளியே பார்த்தார். அவர் முகத்தில் கோபம் எதுவும் இல்லை. வகுப்பில் ஒரு கணக்கின் அடுத்த வரி பிடிபடும்போது எனக்கு வருகிற முகம்தான் அது.

"அப்போ ஓட முடியுதுல்ல" என்றார்.

வெளியே வந்தபோது ரோலரண்ணன் புருவத்தை உயர்த்திக் கேட்டார். நான் தலையை ஆட்டினேன். எதற்கு ஆட்டினேன் என்று அவருக்கும் புரிந்திருக்காது. நடந்துவிட்டேன்.

அடுத்த வாரம் ரோலருக்கு மேலே ஒரு வெள்ளைப் பலகை மாட்டினார்களாம். இருபது நிமிஷத்துக்கு ஐம்பது என்று அதில் எழுதியிருக்கிறதாம். பெரியக்காதான் கடைத்தெருவில் சித்தியைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார். "உன் பொண்ணு நல்லா இருக்காளா, பரீட்சை எப்போ?" என்றும் கேட்டாராம். கேட்டது நிஜமாகவா, குத்திக் காட்டவா என்று சித்தியால் கண்டுபிடிக்க முடியவில்லை. "அவங்க அப்படிப் பேசற ஆள் இல்லை" என்று இரண்டு முறை சொன்னாள்.

சித்தி வேலை தேடினாள். இரண்டு துணிக்கடை, ஒரு மருத்துவமனை, ஒரு பள்ளிக்கூடச் சமையல். எல்லா இடத்திலும் ஆள் ஜாஸ்தி. நான் படிப்பை நிறுத்திவிட்டு எங்காவது போகிறேன் என்றபோது முதல் முறையாக என்மேல் கை ஓங்கினாள். அடிக்கவில்லை. "உக்காந்து படி. நான் உக்காந்ததுக்கு ஒரு அர்த்தம் வேணாமா?" என்றாள். பிறகு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்பது போல எழுந்து போய் தேய்த்து வைத்திருந்த பாத்திரத்தையே மறுபடி தேய்த்தாள்.

பிறகு ஒரு நாள் முதலாளியே அவளைக் கூப்பிட்டனுப்பினார். யாராவது லீவு போட்டால் அன்றைக்கு மட்டும் வரலாம், காலையில் போன் வரும் என்றார். சித்தி சரி என்று சொல்லிவிட்டு வந்தாள்.

அன்றிலிருந்து காலை ஏழு மணிக்கு அவள் குளித்து, தலை வாரி, டிபன் பாக்ஸைக் கட்டி வைத்துவிட்டு வாசல் பக்கத்து நாற்காலியில் உட்காருவாள். போன் மடியில் இருக்கும். நான் எதிரில் புத்தகத்தை விரித்து வைத்திருப்பேன். எட்டேகாலுக்கு மேல் போன் வராது என்று எங்களுக்குத் தெரியும். எட்டேகாலுக்கு டிபன் பாக்ஸைத் திறந்து அதையே மூன்று பேரும் சாப்பிடுவோம்.

பத்துப் பன்னிரண்டு நாள் அப்படிப் போயிற்று. ஒரு காலை சித்தி, "யாருக்காவது உடம்பு முடியாம போகணும்னு வேண்டிக்கிற மாதிரி ஆயிடுச்சு, பாத்தியா?" என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். அம்மா, "சும்மா இரு" என்றாள். நானோ அதற்கு முந்தின நாளே ஆறு பேரின் முகத்தையும் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்து, யார் கொஞ்சம் இருமுகிறவர் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். எழுதுகோலைக் கையில் வைத்துக்கொண்டுதான் யோசித்தேன். முதலாளி என்னிடம் கேட்ட பெயரைத்தான் தேடிக்கொண்டிருந்தேன் என்று பிறகு தெரிந்தது.

பரீட்சைக்கு ஐந்து நாள் இருக்கும்போது போன் வந்தது. ஏழே முக்கால் மணி. சித்தி முதல் மணி முழுதும் அடிக்க விட்டு, இரண்டாவது மணியில் எடுத்தாள். "சரிங்க" என்றாள். "வந்துடறேங்க" என்றாள். வைத்துவிட்டு எழுந்தாள். பையை எடுத்தாள். செருப்பு மாட்டும்போது முகம் தன்னால் மலர்ந்துவிட்டது. அதை மறைக்கக் குனிந்தே இருந்தாள்.

"யாருக்குடி என்ன?" என்றாள் அம்மா உள்ளேயிருந்து.

சித்தியின் கை செருப்பு வாரில் நின்றது.

"கேக்கலைக்கா" என்றாள்.

கேட்டுச் சொல்லேன் என்று அம்மா சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. சித்தி வாசலைத் தாண்டி, வெயில் ஏறத் தொடங்கியிருந்த தெருவில் நடந்தாள். கொஞ்ச தூரம் போனதும் நடை வேகமாயிற்று. திருப்பத்துக்கு முன்னால் அவள் ஓடினாள்.